ஊர் என்ற கட்டத்தில் எழுதியது

ஆவுடையம்மாள் எழுத்துக் கற்றது மட்டாஞ்சேரியில், சுக்கு மூட்டைகளின் மேல். தென்காசிப் பக்கம் நடுச்செவல் என்ற சிற்றூரிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. கணவன் இசக்கிதுரை பண்டகசாலையில் மூட்டை இறக்கினான். அவள் உள்ளே குந்தியிருந்து சுக்கைத் தரம் பிரித்தாள். சாக்கில் மையால் அடித்திருந்த மலையாள எழுத்துகளை முதலில் படமாகப் பார்த்தாள், பிறகு ஒலியாகக் கேட்டாள். தமிழைப் பொட்டலம் கட்டி வந்த பழைய செய்தித்தாள்களில் கூட்டிக் கூட்டிப் படித்தாள். முப்பது வயதில் மாதிரிப் பைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை அவளுடையதாயிற்று.

அந்தத் தொழிலில் இரண்டு வழக்கங்கள் உண்டு. வந்திறங்கும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் துணிப்பையில் கட்டி, எங்கிருந்து வந்தது, என்று வந்தது என்று சீட்டு எழுதித் தொங்கவிட வேண்டும். வாங்கியவன் குறை சொல்லாமல் வாய் மூடும்வரை அந்தப் பையை எறியக் கூடாது. இன்னொன்று, மழைக்காலத்துக்கானது. சீட்டு இல்லாத சரக்கு மழையில் வந்து நின்றால் யாரும் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். முதலாளியின் சொந்த மார்க்கை அடித்து உள்ளே ஏற்றிவிடுவார்கள். மறுநாளோ மறுவாரமோ சீட்டு வந்ததும் மார்க்கு மாற்றப்படும். அதைப் பொய் என்று எவரும் கருதியதில்லை.

இசக்கிதுரை நெஞ்சு வலியில் போனான். பண்டகசாலை சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதியாக மாறியது. நாற்பத்துநான்காவது வயதில் ஆவுடையம்மாள் கொச்சங்காடியில் ஓர் அறக்கட்டளை நடத்திய பெண்கள் இல்லத்தில் மேட்ரனாகச் சேர்ந்தாள். விற்கப்பட்டும் ஏமாற்றப்பட்டும் அடைபட்டும் கிடந்து, போலீசால் மீட்கப்பட்ட பெண்கள் அங்கே வந்தார்கள். இருபது கட்டில்கள். கீழே ஒரு பாத்திரக் கடை. செயலாளர் கல்யாணராமன், திருப்பூணித்துறைக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர். கெட்டவர் அல்ல. சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிப் போய்விடுவார்.

இல்லம் அரசு மானியத்தில் நடந்தது. நாட்டுக்குள் மீட்கப்பட்ட பெண் என்றால் பெயரை இணையத்தில் ஏற்றிய அன்றே இலவச வைத்திய அட்டை வரும், ஒரு வாரத்தில் உணவுக்கு அனுமதி வரும். வெளிநாட்டுப் பெண் என்றால் கதை வேறு. அவள் எந்த நாட்டவள் என்று தூதரகம் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து உள்துறை அனுமதிக்க வேண்டும். அதன் பிறகே தனி நிதித் தலைப்பின் கீழ் அவளுக்கு ஏதேனும் கிடைக்கும். ஆவுடையம்மாள் சேர்ந்த நாள் முதல் அந்தத் தலைப்பில் ஒன்றும் வந்ததில்லை. வங்காளதேசத்துப் பெண்கள் மற்றவர்களுடைய சோற்றைப் பகிர்ந்து உண்டார்கள். காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்தார்கள்.

2022 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணி. கொட்டும் மழையில் போலீஸ் வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"எந்த ஊரு பிள்ள?"

"பொகவந்தலாவ."

"அது எங்கன இருக்கு?"

"ஹட்டனுக்கு அங்கிட்டு. ஸ்ரீலங்கா அக்கா."

பெயர் யோகராணி. வயது முப்பத்தொன்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். குவைத்தில் வீட்டு வேலை என்று ஏஜெண்டு சொல்லி, சுற்றுலா விசாவில் கொச்சிக்கு அழைத்து வந்தான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆலுவாவுக்கு அப்பால் ஒரு கொட்டகையில் விட்டுப் போனான். ஏழு மாதம் ஐஸ் தண்ணீரில் இறால் உரித்தாள். இரவில் வெளியே பூட்டு விழும். உள்ளங்கைத் தோல் கழன்றிருந்தது. வலக்கைச் சுட்டுவிரல் நகத்தடியில் கறுத்து வீங்கி, நாறியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருத்துவர் விரலைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டும் என்றார். அட்டை கொண்டு வரச் சொன்னார்.

ஆவுடையம்மாள் இல்லத்துக்குத் திரும்பிப் பதிவுப் படிவத்தை எடுத்தாள். ஏழாவது கட்டம் ஊர், வட்டம், மாவட்டம், நாடு. வெளியே மழை நிற்கவில்லை. அவள் யோசித்தது அதிக நேரம் அல்ல. ஊர் என்ற கட்டத்தில் நடுச்செவல் என்று எழுதினாள். தகப்பன் வீட்டு இலக்கத்தையும் எழுதினாள். யாராவது கேட்டால் தானே பதில் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

"ஆராவது கேட்டா என் சித்தி மவள்னு சொல்லு."

"நான் இந்தியாக்காரி இல்லையே அக்கா."

"தெரியும். கை மொதல்ல ஆறட்டும். உன் பேப்பர் வந்ததும் மாத்திக்கிடலாம்."

யோகராணி அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க தாத்தாவ இந்தியாக்காரன்னு சொல்லிச் சொல்லியே சாகும்வரைக்கும் ஓட்டுக் குடுக்கல அங்க. எனக்கு ஒரு பேனாவுல குடுத்துட்டீங்க."

விரல் பிழைத்தது. நுனி மட்டும் மரத்துப் போயிற்று.

ஒன்பதாம் நாள், அட்டையின் வேலை முடிந்ததும், ஆவுடையம்மாள் திருத்தம் எழுதினாள். இந்தப் பெண் இலங்கை நாட்டவள், அவசர சிகிச்சைக்காக என் ஊரின் பெயர் எழுதப்பட்டது, மாற்றித் தரவும் என்று மலையாளத்தில் ஒரு பக்கம், அடியில் கார்பன் தாள் வைத்து. கல்யாணராமன் வாசித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார்.

"நகல்ல ஒரு சீல் போட்டுக் குடுங்க சார்."

"சீலா? நம்ம ஆத்துக்குள்ள நடக்கற விஷயத்துக்குச் சீல் எதுக்குடீ? கோர்ட்டா இது?"

"வாங்கினதுக்கு ஒரு அடையாளம் வேணும்லா."

"சுக்குக் கடைப் புத்தி உன்னை விடாது. எம்பஸி லெட்டர் வரட்டும், நானே மாத்தித் தரேன். இப்போ மாத்தினா அவ சாப்பாடும் நிக்கும், நம்ம மேலயும் கேள்வி வரும். போ, போய் சாயா போடச் சொல்லு."

அவள் போனாள். சீல் இல்லாத அந்த நகலைச் சீட்டுக் கட்டித் துணிப்பையில் போட்டாள். இல்லத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அவளிடம் ஒரு பை இருந்தது. யோகராணியின் பையில் இருந்த காகிதங்களில் முத்திரை இல்லாதது அது ஒன்றுதான்.

எழுதிக் கேட்டும் தூதரகக் கடிதம் அந்த ஆண்டு வரவில்லை. யோகராணி இல்லத்து அடுக்களையை எடுத்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் போடும் தேநீரைக் குடிக்கவே மாட்டாள்.

"கொழுந்து பறிச்ச கையால சொல்றேன், இது டீ இல்ல அக்கா. சுடுதண்ணிக்கு மஞ்சக் காமால."

"குடிச்சாக் குடி, இல்லன்னாப் போ. உங்க தோட்டத்துல நல்லத எல்லாம் வெள்ளக்காரனுக்கு ஏத்திட்டுத் தூசியத்தான குடிச்சீங்க?"

"தூசியா இருந்தாலும் டீத்தூசி."

சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் தொலைபேச அனுமதி உண்டு. யோகராணி மகள் திலக்சனாவோடு பேசுவாள். பிரிந்து வந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. அத்தை வீட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து அறையில் வளர்ந்தாள். பேசி முடித்ததும் யோகராணி அடுக்களைக்குப் போய் எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

2023 அக்டோபரில் அந்த ஆணை வந்தது. மீட்கப்பட்ட வெளிநாட்டுப் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளர், சட்ட உதவி, மருத்துவம், சொந்த நாடு திரும்ப வழிச்செலவு, துணைக்கு ஒரு காவலர் என எல்லாவற்றுக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. 2024 மார்ச் 31க்குள் செலவிட வேண்டும். மிஞ்சினால் திரும்பப் போய்விடும். ஆவுடையம்மாள் அந்த ஆணையின் நகலை மூன்று முறை படித்தாள். இத்தனை ஆண்டுகளில் அவள் பார்த்த அரசுக் காகிதங்களிலேயே ஒரு பெண்ணை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றி எழுதியிருந்த முதல் காகிதம் அது.

நவம்பரில் காக்கநாட்டு மாவட்ட அலுவலகத்திலிருந்து திட்ட அதிகாரி அம்ருதா வந்தாள். இருபத்தெட்டு வயது, வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். கையில் பட்டியல். ஐந்து பெயர்கள், ஐந்தும் வங்காளதேசத்துப் பெண்கள்.

"யோகராணி பேரு?"

"அவங்க உள்நாடுன்னாக்கும் இருக்கு சேச்சி. தென்காசி ஜில்லா." அம்ருதா அலைபேசியைக் காட்டினாள். "இன்னொண்ணும் உண்டு. அங்கேருந்து விசாரிச்சு ரிப்போர்ட் வந்திருக்கு. அப்படி ஒரு பொண்ணு அந்த ஊர்ல இல்லன்னு."

"எப்படி இருப்பா? அவ ஸ்ரீலங்காக்காரி. அவ வீட்டுலருந்து அனுப்புன பிறப்புச் சான்று போட்டோ எங்கிட்ட இருக்கு."

"தூதரகத்துல அத கண்டாச்சு. அவங்க கேக்கறது இதுதான். உங்க கவர்மெண்ட் ரெக்கார்டே இந்தியான்னு சொல்லறப்போ நாங்க எப்படி எங்க ஆளுன்னு எழுதித் தரதுன்னு. கேள்வி சரிதானே சேச்சி?"

சரியான கேள்விதான். ஆவுடையம்மாள் துணிப்பையை அவிழ்த்து ஒன்பதாம் நாள் எழுதிய நகலைக் கொடுத்தாள். அம்ருதா முழுதும் வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"சீல் இல்லயே."

கல்யாணராமனின் இழுப்பறையில் மூலப் பிரதி இல்லை. அப்படி ஒன்று கொடுத்ததாக நினைவில்லை என்று அவர் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யோகராணிக்கு இருந்த அவகாசம் நிதியின் அவகாசத்தைவிடச் சற்றே கூடுதல். அத்தை ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். ஏப்ரல் 12 பயணம். அதற்குள் தாய் வரவில்லை என்றால் பிள்ளையை அரசாங்கச் சிறுவர் இல்லத்தில் சேர்ப்பது தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

அம்ருதா அடுத்த முறை வந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தப் பதிவு தப்புன்னு சேச்சியே எழுதித் தந்தா அது ரத்தாகும். ரத்தானா புதுசா வெளிநாடுன்னு சேர்க்கலாம்னு நான் விசாரிக்கறேன். பட்சே உறப்பா, நிச்சயமா சொல்ல என்னால முடியாது."

கல்யாணராமன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "ஆவுடே, நன்னா யோசி. பொய்ப் பதிவுன்னு நீயே கையெழுத்துப் போட்டா இருவது பேரோட கிராண்டும் நிக்கும். உன் வேலையும் போகும். சும்மா இருந்தா அவ இங்கேயே இருப்பா. சோறு இருக்கு, படுக்க இடம் இருக்கு."

"அவ பிள்ள அங்க இருக்கே சார்."

"எல்லார் பிள்ளையும் எங்கேயோ இருக்கு. நம்மால எத்தனை பேருக்கு..." அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆவுடையம்மாள் யோகராணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் குறைக்காமல். சொல்லாமல் செய்து ஒரு முறை தவறியது போதும் என்று நினைத்தாள்.

யோகராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எழுதினா உங்களுக்கு வேல போகுமா?"

"போவும்."

"எழுதாட்டி நான் போக ஏலாது."

"ஏலாது."

"அப்ப எழுதுங்க அக்கா. பொறவு உங்களுக்குச் சாபம் விட வேணாம் பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைக்காமல் உரித்தாள்.

எழுத ஆறு நாட்களாயின. ஒன்பது பக்கம். எந்தத் தேதியில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், எப்போது திருத்தம் கொடுத்தேன், யார் வாங்கினார் என வரிசையாக. பண்டகசாலை வழக்கத்தையும் ஒரு பத்தியில் விளக்கியிருந்தாள். அதை அடித்துவிடும்படி அம்ருதா கேட்டாள். அடிக்கவில்லை. நடந்தது அதுதான் என்றாள். 2024 ஜனவரி 11 அன்று காக்கநாட்டில் நேரில் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் நகலிலும் முத்திரை வாங்கினாள். முத்திரை வைத்த குமாஸ்தா கேட்டான்: "அம்மே, ஒரு பக்கத்துக்குப் போதாதா?"

"போதாது மோனே."

பிப்ரவரி 19 அன்று உத்தரவு வந்தது. பதிவு ரத்து. பதிவு ரத்தாகியதால், அந்த எண்ணின் கீழ் வழங்கப்பட்ட 'பாதிக்கப்பட்டவர்' என்ற அங்கீகாரமும் ரத்து. வெளிநாட்டுப் பெண்ணாகப் புதிதாகப் பதிவதென்றால், மீட்கப்பட்ட அறுபது நாட்களுக்குள் விண்ணப்பம் வந்திருக்க வேண்டும். அந்தக் காலம் 2022 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ஆகவே மேற்படி யோகராணி, கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நாட்டில் தங்கியிருக்கும் அயல்நாட்டவராகக் கருதப்பட்டு உரிய சட்டப்படி கையாளப்படுவார். மேட்ரன் பொய்ப் பதிவை ஒப்புக்கொண்டிருப்பதால் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். இல்லத்தின் மானியம் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அவள் இலங்கைக்காரி என்பதை யாராலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒப்புக்கொண்ட அன்றே அவள் குற்றவாளியானாள்.

அம்ருதா தொலைபேசியில் அழுதாள். "நான்தானே சேச்சியக்கொண்டு எழுத வச்சேன்."

"நீ வழி கேட்டவளுக்கு வழி சொன்ன. வை போன."

மார்ச் 18 அன்று வங்காளதேசத்துப் பெண்கள் ஐவரும் ஆலுவாவில் ரயிலேறினார்கள். துணைக்குக் காவலர், மொழிபெயர்ப்பாளர், புதுத் துணிப்பைகள். ஒருத்தி மட்டும் ஜன்னல் வழியே, நடைமேடையில் நின்ற ஆவுடையம்மாளை நோக்கிக் கையை நீட்டி, யோகராணி கொடுத்த மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். அவ்வகையில் நிதி முறையாகச் செலவிடப்பட்டது. மிஞ்சிய பகுதி உரிய தேதியில் அரசுக்குத் திரும்பிச் சென்றது. இதற்கான பதிலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினாள் ஆவுடையம்மாள்.

யோகராணியை அழைத்துப்போக வண்டி வந்தது மார்ச் 21, முற்பகல் பதினொரு மணிக்கு. வேறு மாவட்டத்தில், தண்டனை முடிந்த அயல்நாட்டவரையும் கடவுச்சீட்டு இல்லாதவர்களையும் வைத்திருக்கும் காப்பிடம். இல்லத்துக்குள் வர ஆவுடையம்மாளுக்கு அனுமதி இல்லை. பாத்திரக் கடை வாசலில் நின்றாள்.

பெண் போலீஸ் பையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். யோகராணி தெருவுக்கு வந்து ஆவுடையம்மாளைக் கண்டாள்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"ம்."

"பொய். மொகத்துல தெரியுது." பிறகு, போலீஸ்காரியைக் காட்டி, "இவங்க கேட்டாங்க, எந்த ஊருன்னு. பயந்துட்டேன். எதச் சொன்னாலும் ஏதோ ஆகிப்போகுதே. பேசாம இருந்துட்டேன்."

வண்டி பஜாருக்குள் திரும்பும்வரை ஆவுடையம்மாள் அங்கேயே நின்றாள். பாத்திரக் கடைக்காரர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

ஏப்ரல் 12 போயிற்று. ஆவுடையம்மாள் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் பூண்டு உரிக்கப் போனாள். வியாழக்கிழமை விடுமுறை, அன்று எழுதினாள். உள்துறைக்கு, மகளிர் ஆணையத்துக்கு, தூதரகத்துக்கு, மாவட்ட ஆட்சியருக்கு, காப்பிடத்தின் கண்காணிப்பாளருக்கு. ஒவ்வொன்றிலும் இணைப்புகள், எண்ணிட்டு. ஒவ்வொன்றும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. பதில்களும் வந்தன. தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. தாங்கள் தற்போது பணியில் இல்லாததால் விவரம் தர இயலாது. தாங்கள் உறவினர் அல்லாததால் விவரம் தர இயலாது. முத்திரைகள் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தன.

ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அவளுடைய அலைபேசி அடித்தது. பூண்டுத் தோல் ஒட்டிய கையால் எடுத்தாள்.

"அக்கா, நான்."

"யோகு. பூண்டு உரிச்சிட்டுருக்கேன். இந்நேரத்துல பிள்ளைக்கில்லா போன் போடுவ?"

"பிள்ளைய ஹோம்ல போட்டாச்சு அக்கா. நுவரெலியாவுல. அங்க போன் குடுக்க மாட்டாங்களாம். அதான் அந்தப் பத்து நிமிசம் சும்மா கெடக்கு."

ஆவுடையம்மாள் பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்கப்படாது. நீங்க எழுதறீங்கதானே, ஒவ்வொரு கெழமையும்?"

"எழுதறேன். விடமாட்டேன்."

"அத நிப்பாட்டுங்க அக்கா."

"என்னது?"

"ஒவ்வொரு கடதாசியும் இங்கதான் வந்து சேருது. வந்த அன்னிக்கு என்னக் கூப்பிட்டு முதல்லருந்து கேக்குறாங்க. எந்த நாடு, ஏன் இந்தியான்னு போட்ட, யாரு போடச் சொன்னா. ரெண்டு மணித்தியாலம், மூணு மணித்தியாலம். எழுதி வாங்கறாங்க. அடுத்த தடவ ஒரு சொல்லு மாறினா, அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னன்னு அதுக்கு வேற. எனக்கு ஏலாது அக்கா. உங்கமேல கோவம் இல்ல. என்னால கதைச்சு முடிக்க ஏலாது."

"எழுதலன்னா உன்ன மறந்துருவாவளே, பிள்ள."

"மறக்கட்டும். கொஞ்ச நாளைக்கு மறக்கட்டும்." பின்னால் யாரோ நேரம் முடிந்தது என்றார்கள். "பூண்டு உரிக்கிறேன்னீங்க. இந்த நேரத்துக்கு மூச்சு வாங்குமே உங்களுக்கு. தண்ணியில ஊறப் போட்டு உரிங்க. தோல் லேசா வரும்."

இருபத்துமூன்றாவது மனு மேசைமேல் உறையிலிட்டுத் தயாராக இருந்தது. வியாழக்கிழமை காலை அவள் அதை எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரித் தபால் நிலையத்துக்குப் போனாள். வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் கவுண்டரிலிருந்த பெண் வழக்கம்போல் கையை நீட்டினாள். ஆவுடையம்மாள் வழிவிட்டுப் பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னாள். பிறகு அடுத்தவரையும். மதியம்வரை அங்கிருந்த பெஞ்சில் இருந்தாள். உறையோடு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. யோகராணியும் கூப்பிடவில்லை. செப்டம்பர், அக்டோபர் இரண்டும் கடந்தன. நவம்பர் 9 அன்று, மனம் தாளாமல், காப்பிடத்தின் எண்ணுக்குத் தானே பேசினாள். பேசியவர் நல்ல மாதிரி. பெயரைக் கேட்டு, காத்திருக்கச் சொல்லி, காகிதங்களைப் புரட்டிவிட்டு வந்தார்.

"இவிடத்தான் உண்டு. சுகம்தான். அடுக்களையில சகாயம் செய்யறாங்க."

"அவ கேஸு என்ன ஆச்சு சாரே?"

"கேஸா? ஆகஸ்டுக்கு அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கலையே அம்மே. கேள்வி வந்தாத்தானே மேலே அனுப்ப முடியும்? மூணு மாசமா ஒரு காகிதமும் வராததனால ஃபைல க்ளோஸ் பண்ணி உள்ளே வச்சிருக்கு." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அம்மை அவங்களுக்கு ஆரு?"